குரு இல்லாத ஓவியர் என்றொரு வசதியான கதை

ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழ்களில் அந்தக் கட்டுரை திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. ஊர் மாறும், பெயர் மாறும், கட்டுரை மாறாது. கடலோரக் குப்பத்தில் பிறந்தவர். அப்பாவுக்கு மீன்பிடித் தொழில். ஓவியக் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. தூரிகை பிடிக்க ஒருவரும் சொல்லித்தரவில்லை. ஆனாலும் எண்ணெய் வண்ணத்தில் அசத்துகிறார். அடுத்த பத்தியில், உங்களுக்குத் தூண்டுதல் எது என்ற கேள்வி. இந்த ஏரிதான், இந்தப் பறவைகள்தான் என்ற பதில். ஊர் பழவேற்காடு என்றால் பூநாரைகளும் அந்திச் சூரியனும் கட்டாயம் உண்டு. இயற்கையே அவருக்குக் குரு, யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் இந்தத் தனித்தன்மை கெட்டுப்போயிருக்கும் என்று முத்தாய்ப்பு.

இந்தக் கதையில் உண்மை சொற்பம். ஓவியருக்குச் சூட்டிய மாலை மாதிரித்தான் பார்வைக்குத் தெரிகிறது. கொஞ்சம் கூர்ந்து படித்தால், கற்றுக்கொடுத்திருக்க வேண்டியவர்கள் தங்களுக்குத் தாங்களே எழுதிக்கொண்ட விடுதலைப் பத்திரம் அது என்பது புரியும்.

இந்தியாவில் இந்தக் கதைக்கு மூலவர் ராஜா ரவி வர்மா. ஐரோப்பியருக்கே உரிய எண்ணெய் வண்ணத்தைத் தனியே முட்டி மோதிக் கற்றவர் என்றுதான் அவரைப் பற்றிப் பேசும் எல்லோரும் தொடங்குகிறார்கள். பழவேற்காட்டுப் பேச்சில் அவர் எங்கே வந்தார் என்று கேட்கலாம். ஏரியைத் தொட்டுக்கொண்டு வடக்கும் தெற்குமாக ஓடுகிறதே பக்கிங்காம் கால்வாய், அதன் வழியாகத்தான் வந்தார். 1875 முதல் 1880 வரை சென்னை ஆளுநராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் அது. தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டை 1877-78இல் வெட்டினார்கள். அதையொட்டிக் கால்வாய் முழுவதற்கும் அவர் பெயர் வந்தது. அதே பிரபுதான் 1876இல் சென்னைக் கண்காட்சிக்கு வந்த ரவி வர்மாவின் படத்தை, சகுந்தலை கடிதம் எழுதும் படத்தை, விலைக்கு வாங்கினார். பிறகு தன் உருவப்படத்தையும் அவரிடமே எழுதச் சொன்னார். (பஞ்சம் தொடங்கிய வருஷத்தில் படம் வாங்கிய பிரபுவைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். இது அதுவல்ல.)

அந்தச் சகுந்தலையை எழுதிய கை எங்கே பழகியது? கிளிமானூர் வீட்டுச் சுவரில் சிறுவன் கரியால் கிறுக்கியதோடு நிறுத்திக்கொள்வது கதை சொல்பவர்களின் வழக்கம். அந்தச் சுவருக்குப் பக்கத்தில் மாமன் ராஜ ராஜ வர்மா நின்றுகொண்டிருந்தார். அவர் தாமே படம் எழுதத் தெரிந்தவர். சிறுவனுக்கு முதல் பாடம் அவரிடம். 1862இல், பதினாலு வயதில், அவனைத் திருவனந்தபுரம் அரண்மனைக்குக் கூட்டிப் போனவரும் அவரே. அங்கே ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் ஆதரவு கிடைத்தது. சாயமும் படங்களும் பார்க்கக் கிடைத்தன. மதுரையிலிருந்து போய் அரண்மனை ஓவியராக இருந்த ராமசாமி நாயக்கருக்கு எண்ணெய் வண்ணம் தெரியும், அவர் சொல்லித்தர மறுத்தார் என்பது வரை எல்லாரும் எழுதுவார்கள். நாயக்கரின் மாணவர் ஆறுமுகம் பிள்ளை குருவுக்குத் தெரியாமல் ரவி வர்மாவுக்குத் தொழிலைக் காட்டிக்கொடுத்ததாக அதே வரலாறு சொல்வதைச் சுருக்கிவிடுவார்கள். 1868இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் மகாராஜாவை எழுத வந்தபோது, கூட இருந்து வேடிக்கை பார்க்க மட்டும் ரவி வர்மாவுக்கு அனுமதி கிடைத்தது. வேடிக்கை பார்ப்பது என்றால் சும்மாவா? எந்தச் சாயம் முதலில் போகிறது, தூரிகையில் எவ்வளவு எண்ணெய், முகத்தின் நிழலில் என்ன நிறம் என்று ஒரு தேர்ந்த தொழிலாளியின் கையை நாள்கணக்கில் பார்ப்பதைவிடப் பெரிய வகுப்பு எந்தக் கல்லூரியிலும் கிடையாது.

பெரிய ஆள் ஆன பிறகும் அவர் தனியாக எழுதவில்லை. தம்பி சி. ராஜ ராஜ வர்மா கூடவே இருந்தார். நிலக்காட்சியில் தேர்ந்தவர், பல படங்களின் பின்புலத்தில் அவர் கை உண்டு. பயணங்களில் நாட்குறிப்பும் எழுதினார். பரோடா மன்னருக்காகப் புராணப் படங்கள் எழுதுவதற்கு முன் சகோதரர்கள் வட இந்தியாவைச் சுற்றி உடைகளையும் நகைகளையும் பார்த்து வந்தார்கள். மாமன், ஒரு மாணவர், ஒரு வெளிநாட்டுக்காரர், தம்பி, ஊர் ஊராகத் திரிந்து பார்த்த கண். இத்தனையையும் கூட்டிப் போட்டு, மொத்தத்துக்கு 'தானாக' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

ரவி வர்மா அரச குடும்பத்துச் சம்பந்தி, அவருக்கு எல்லாம் கிடைத்தது, ஏழை ஓவியர் வேறு என்று ஒரு மறுப்பு வரும். சரி, ஏழையையே எடுத்துக்கொள்வோம், கடலோரத்தையே எடுத்துக்கொள்வோம். தானே கற்றவர் என்றதும் எல்லோர் வாயிலும் வரும் வின்சென்ட் வான் கோ, 1882இல் ஹாலந்தின் ஸ்கெவெனிங்கன் என்ற மீனவ ஊர்க் கரையில் புயல் காற்றில் நின்று எண்ணெய் வண்ணத்தில் கடலை எழுதினார். காற்றில் பறந்த மணல் ஈரச் சாயத்தில் ஒட்டியது. இன்றும் அந்தப் படத்தில் மணல் துகள் இருக்கிறது. புயல், மணல், பித்துப் பிடித்த கலைஞன் என்று கதைக்குத் தேவையான எல்லாமே உண்டு. கதையில் வராதவை வேறு. அதற்கு முந்தைய ஆண்டு பார்க் என்பவரின் ஓவியப் பாடப் புத்தகத்தை வைத்து அவர் தாள் தாளாக நகல் எடுத்தார். உறவினரான அன்டன் மௌவ் என்ற தேர்ந்த ஓவியர்தான் எண்ணெய் வண்ணம் கலக்கக் கற்றுக்கொடுத்தார். தொலைவையும் அண்மையையும் சரியாக அளக்கக் கயிறு கட்டிய மரச்சட்டம் ஒன்றைச் செய்வித்துக் கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு போனார். தம்பி தியோ அனுப்பிய பணம் சாயத்துக்குப் போனது.

இனி பழவேற்காட்டுக்கு வருவோம். கோட்டைக்குப்பத்திலோ நடுக்குப்பத்திலோ கூனங்குப்பத்திலோ ஒருவர் எண்ணெய் வண்ணம் எழுதுகிறார் என்றால், கேட்க வேண்டிய முதல் கேள்வி தூண்டுதல் பற்றியது அல்ல. ஈரப் படத்தை எங்கே காயவைக்கிறீர்கள் என்பதுதான்.

எண்ணெய் வண்ணம் தண்ணீர் ஆவியாவதுபோல் உலர்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கி மெல்ல இறுகுகிறது. அம்பர் என்ற பழுப்பில் மாங்கனீசு இருப்பதால் சீக்கிரம் பிடித்துவிடும். அலிசரின் சிவப்பும் கறுப்பும் நாள்கணக்கில் இழுக்கும். அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேல்பூச்சில் அதிகமாகவும் இருக்க வேண்டும். தலைகீழாகிவிட்டால் மேலே இறுகிய பிறகு கீழே அசைந்து படம் வெடித்துவிடும். இதையெல்லாம் எந்தப் பூநாரையும் யாருக்கும் சொல்லித்தராது. வடகிழக்குப் பருவமழையில் ஏரிக்கரை வீட்டுச் சுவரே வியர்க்கும்போது துணி தொய்யும், பின்புறம் பூஞ்சை பிடிக்கும். ஒரே அறையில் வலையும் பிள்ளைகளும் அடுப்பும் இருக்கும் வீட்டில், வாரக்கணக்கில் யார் தோளும் உரசாத ஒரு சுவர் வேண்டும். டர்பன்டைன் வாங்கக் காசில்லாமல் மண்ணெண்ணெயால் சாயத்தை இளக்கினால், அதன் பிசுக்கு உள்ளேயே தங்கிப் படம் உலர்வதைக் கெடுக்கும். அதை ஒருவர் பட்டுத் தெரிந்துகொள்ள இரண்டு நல்ல படங்களாவது பாழாக வேண்டும். பக்கத்தில் விவரம் தெரிந்தவர் இருந்தால் ஒரு வாக்கியத்தில் முடிந்திருக்கும். தனியே கற்பதன் பெருமை என்று நாம் கொண்டாடுவதில் பெரும்பகுதி இப்படிப் பாழான துணியும் சாயமும்தான்.

அதே சமயம், குப்பத்தில் சாய ஞானமே இல்லை என்று நினைப்பதும் அறியாமை. படகுக்கு அடிக்கும் எனாமல் எண்ணெய் வண்ணத்தின் ஒன்றுவிட்ட உறவு. தாவர எண்ணெயிலிருந்து செய்யும் ஆல்கிட் பிசினில் அது நிற்கிறது. உப்புக் காற்றில் எந்த நிறம் முதலில் வெளுக்கும், எத்தனை பூச்சு தாங்கும், எவ்வளவு நேரம் வெயில் காட்ட வேண்டும் என்பது படகுக்குச் சாயம் அடித்த கைக்குத் தெரியும். படகின் முனையில் சாமி பெயரும் பிள்ளை பெயரும் எழுதுபவரின் மணிக்கட்டு ஒரு வளைவை நடுங்காமல் முடிக்கப் பழகியது. இது கல்வி இல்லையா? இதைச் சொல்லிக்கொடுத்தவர் குரு இல்லையா? நம் கட்டுரையாளர் படகுக்கு முன்னால் ஓவியரை நிறுத்திப் படம் எடுப்பார். படகுக்குச் சாயம் அடித்தவர் சட்டகத்துக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

அடுத்த வாதம்: இயற்கை. ஏரியின் அழகே ஓவியத்தை வரவழைக்கிறதாம். ஹென்றி ரூசோ என்ற பாரிஸ் சுங்கச்சாவடிக்காரர் அடர்ந்த காடுகளை எழுதிப் பெயர் பெற்றார். தமக்கு இயற்கையைத் தவிர ஆசிரியர் இல்லை என்று அவரே சொல்லிக்கொண்டார். பிரான்ஸ் நாட்டை விட்டு அவர் வெளியே போனதே இல்லை. பாரிஸ் தாவரவியல் பூங்காவின் கண்ணாடிக் கூடமும் படம் போட்ட புத்தகங்களும்தான் அவர் காடு. லூவர் அருங்காட்சியகத்தில் பழைய படங்களை நகலெடுக்க அனுமதிச் சீட்டும் வாங்கி வைத்திருந்தார். ஓவியம் பெரும்பாலும் ஓவியத்திலிருந்துதான் பிறக்கிறது. இடம் அதைத் திருத்தும், சில சமயம் மறுக்கும். ஆனால் தொடங்கிவைக்காது.

பழவேற்காட்டை எழுதிய படங்களைப் பார்த்தாலே இது விளங்கும். பெரும்பாலானவற்றில் நீலத் தண்ணீர், ஆரஞ்சுச் சூரியன், கருநிழலாக ஒரு படகு, பறக்கும் பறவைக் கூட்டம். இந்த ஏரியின் தண்ணீர் நீலமே அல்ல. பல இடங்களில் இடுப்பளவு கூட ஆழம் இல்லை. அடிச்சேறு தண்ணீரின் நிறத்தில் கலந்துதான் கண்ணுக்கு வருகிறது. மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியும் கொண்டுவரும் செம்மண் கலங்கல் ஒரு நிறம். கோடையில் முகத்துவாரம் மணலால் தூர்ந்து உப்பு ஏறிய தண்ணீர் இன்னொரு நிறம். உச்சிவேளையில் வானமும் தண்ணீரும் ஒரே வெளுப்பாகிவிடும். அடிவானம் எங்கே இருக்கிறது என்றே சொல்ல முடியாது. மலை இல்லை, உயரமான மரம் அதிகம் இல்லை, கண் பிடித்துக்கொள்ள நெட்டுக்குத்தாக ஒரு கலங்கரை விளக்கம், மிஞ்சினால் படகில் நின்று கோல் ஊன்றும் ஓர் ஆள். ஓவியருக்கு இது வரமல்ல, கடுமையான கணக்கு. வெள்ளைக்கும் வெள்ளைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை டைட்டானியம் வெள்ளையில் ஒரு சொட்டு அம்பர், ஒரு சொட்டு அல்ட்ராமரின் என்று கலந்து கலந்து பிடிக்க வேண்டும். அந்தி நேரத்தை எல்லோரும் எழுதுவதற்குக் காரணம் அப்போது மட்டும் அந்தக் கணக்கை ஏரியே போட்டுக் கொடுத்துவிடுகிறது என்பதுதான் என்று எனக்குச் சந்தேகம்.

அந்தி ஓவியங்களில் வராதவை இன்னும் உண்டு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் எழும்பும் நாளில் ஏரிக்கு மேல் வளைந்து நிற்கும் புகைத்தடம். தெற்கே எண்ணூர் அனல்மின் நிலையங்கள், காட்டுப்பள்ளித் துறைமுகம். சேற்றில் குந்தி நகர்ந்து கையால் இறால் தடவிப் பிடிக்கும் பெண்கள். யாருக்கு எந்த இடத்தில் எந்த நாளில் வலை விரிக்க முறை என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கும் பாடு முறை. அதனால் ஒரு படகு அங்கே நிற்பதற்கு ஊர் ஒப்புக்கொண்ட காரணம் இருக்கிறது என்ற உண்மை. தண்ணீருக்கு அடியிலுள்ள பள்ளம் மேட்டைக் காலால் அறிந்த ஒருவர் ஏரியைக் கரையிலிருந்து பார்க்கும் காட்சியாக எழுத வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் அவரும் அந்தியைத்தான் எழுதுகிறார். ஏனென்றால் அவர் நகலெடுத்துப் பழகிய காலண்டரில் அதுதான் இருந்தது. வாங்க வருபவரும் அதைத்தான் கேட்கிறார். இதற்கு ஏரியைக் குற்றம் சொல்ல முடியாது, ஏரிக்கு நன்றி சொல்லவும் தேவையில்லை.

'சொல்லிக்கொடுத்தால் கெட்டுப்போகும்' என்ற வாதத்துக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். அன்பான முகத்தோடு வருவதால் அதை யாரும் மறுப்பதில்லை. ஆல்ஃபிரட் வாலிஸ் என்ற கிழவரின் கதை இதற்கு நல்ல மருந்து. இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸ் என்ற மீனவ ஊரில் இருந்தார். கடலுக்குப் போனவர், பிறகு பழைய கயிறு, பாய், இரும்பு வாங்கி விற்றவர். மனைவி இறந்த பிறகு, எழுபது வயதுவாக்கில், கிடைத்த அட்டையில் படகுச் சாயத்தால் கப்பல்களையும் துறைமுகத்தையும் எழுதத் தொடங்கினார். 1928இல் பென் நிக்கல்சன், கிறிஸ்டோபர் வுட் என்ற இரண்டு படித்த ஓவியர்கள் திறந்திருந்த கதவு வழியே அவர் படங்களைக் கண்டார்கள். பயிற்சி இல்லாத தூய கண் என்று லண்டன் வியந்தது. அவர் படத்தில் கப்பல் பெரிதாகவும் வீடு சிறிதாகவும் இருந்ததைக் குழந்தைமை என்றார்கள். கப்பலோட்டி ஒருவருக்கு எது பெரிது, எந்தப் பாறையை எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பது தெரியும். அவர் எழுதியது மாலுமியின் அறிவு. அதை அறியாமை என்று பெயரிட்டதால்தான் அது அழகாகத் தெரிந்தது. படங்கள் சில்லறைக் காசுக்குப் போயின. 1942இல் வாலிஸ் இறந்தது ஏழைகள் விடுதியில். இன்று அந்தப் படங்கள் டேட் அருங்காட்சியகத்தில் தொங்குகின்றன. கற்காதவர் என்ற பட்டம் படத்தின் மதிப்பை ஏற்றியது, எழுதியவரின் கூலியை ஏற்றவில்லை.

பயிற்சி தனித்தன்மையைக் கொல்லும் என்றால் நம் ஊரிலேயே எதிர்ச் சான்று உண்டு. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, அங்கேயே முதல்வராகவும் இருந்த கே.சி.எஸ். பணிக்கர், எழுத்தும் சோதிடக் கட்டமும் போன்ற குறிகளால் நிறைந்த படங்களை எழுதத் தொடங்கியது கல்லூரி வாழ்க்கைக்கு நடுவில்தான். 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் அவரும் மாணவர்களும் சேர்ந்து சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தார்கள். பாட்டிக் துணி முதலான கைவினைகளை விற்ற பணம் அவர்களைத் தாங்கியது. கல்லூரி அவர்களுக்குக் கொடுத்தவற்றில் முக்கியமானது நுட்பம்கூட அல்ல, ஒருவர் படத்தை ஒருவர் முகத்துக்கு நேரே திட்டும் கூட்டாளிகள். தனியே கற்றவருக்கு இல்லாதது அதுதான். ஊர் அவரைப் பாராட்டும், இணைப்பிதழ் பாராட்டும், படத்தில் அந்த இடது கையின் மணிக்கட்டு ஒடிந்த மாதிரி இருக்கிறது என்று சொல்ல ஆளிருக்காது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கல்லூரிகள் மந்தையும் உண்டாக்கும். ஒரே ஆசிரியரின் கோட்டை ஐம்பது பேர் பத்து வருஷம் இழுத்துக்கொண்டிருப்பதை நானும் பார்த்திருக்கிறேன். அதற்கு மருந்து வேறு ஆசிரியர்கள், நிறையப் படங்கள். ஆசிரியரே இல்லாமை எப்படி மருந்தாகும்?

பழவேற்காட்டுக்காரருக்கு இது புதிய செய்தியாகவும் இருக்க முடியாது. டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டியது துணிக்காக. சாயவேர்ச் சிவப்பும் அவுரி நீலமுமாக, கடுக்காயும் படிகாரமும் மெழுகும் வைத்துக் கையால் எழுதிய சோழமண்டலக் கரைத் துணிகள் அவர்கள் கப்பலில் ஏறின. கட்டம் போட்ட கைக்குட்டைத் துணிக்கு ஐரோப்பியச் சந்தையில் இந்த ஊரின் பெயரே வழங்கியது. அந்தத் துணியை எழுதிய குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகப் பாடம் நடந்தது. அவர்களை யாரும் ஓவியர் என்று சொல்லவில்லை, கைவினைஞர் என்றார்கள். வேடிக்கையைப் பாருங்கள்: கலைஞர் என்று ஒத்துக்கொண்டால் குருவே இல்லை என்கிறோம், குரு இருந்தது தெரிந்தால் கலைஞரே இல்லை என்கிறோம்.

அண்மைக் காலப் பாடசாலைகளும் இருந்தன. 1894இல் மும்பையில் தொடங்கிய ரவி வர்மா அச்சகம் அவர் லட்சுமியையும் சரசுவதியையும் வீடு வீடாகக் கொண்டுபோனது. கோவில்பட்டி கொண்டைய ராஜு போன்றவர்கள் வழியே சிவகாசிக் காலண்டர்கள் வந்தன. காலண்டரைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கும் பையன், ஜென்சனின் கையை ரவி வர்மா பார்த்த அந்த வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். சினிமா பேனர் கம்பெனிகள் இருந்தன. தூரிகை கழுவுவதில் தொடங்கி, கட்டம் போட்டு, பின்புலம் பூசி, கடைசியில் கதாநாயகனின் கண்ணைத் தொட அனுமதி கிடைக்கும் வரை வருஷக்கணக்கான குருகுலம். ஓவியர் எம்.எஃப். ஹுசேன் மும்பையில் அப்படி விளம்பரப் பலகை எழுதித்தான் வந்தார். ஃபிளெக்ஸ் வந்தது, அந்த வாசலும் அடைந்தது. அப்போது கலை உலகம் பெரிதாக வருத்தப்படவில்லை; அது கலைப் பள்ளி என்று யாரும் எண்ணியிருக்கவில்லையே.

மிச்சம் இருப்பது அரசுப் பள்ளி. 2012இல் தமிழ்நாடு அரசு, பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தையல் முதலிய பாடங்களுக்குப் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை, மாதம் 5000 ரூபாய். பிறகு சில ஆயிரம் கூடியது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் வருஷம் தவறாமல் சென்னையில் உட்கார்ந்து போராடிக்கொண்டிருக்கிறார்கள். மீனவக் குப்பத்துப் பிள்ளை ஒருவனுக்குத் தூரிகையைப் பிடித்துக் காட்டக் கூடிய ஆள், பெரும்பாலும் அந்த மூன்று அரை நாள்களில் ஒன்றில்தான் இருக்கிறார். குருவே இல்லாமல் வந்தார் என்று அடுத்த கட்டுரையை எழுதப் போகிறவர், குரு ஏன் இல்லை என்பதற்கு அந்தச் சம்பளப் பட்டியலையும் ஒரு பத்தியில் சேர்த்துவிடட்டும். அதற்கு இடம் போதவில்லை என்றால் பூநாரைகளை வெட்டிக்கொள்ளலாம்.